தோட்டத்துக் கேமராவில் பதிவான புள்ளிப் பூனை எந்த இனம்?

பழனி மலை அடிவாரத்தில் உள்ள உங்கள் மாந்தோப்பின் கண்காணிப்புக் கேமராவில் நள்ளிரவுக்குப் பிறகு பதிவான ஒரு சிறு விலங்கின் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களை இணைத்து, தோட்டக் காவலாளி அதைச் சிறுத்தைக் குட்டி என்றும், நண்பர் ஒருவர் சிறுத்தைப்பூனை என்றும், ஊரார் வெறும் காட்டுப்பூனை என்றும் சொல்வதாக எழுதி, யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைத் தெரிந்துகொள்வதைவிட, ஒன்றுபோல் தோன்றும் இவற்றை ஒரு மங்கலான படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அடையாளத்தால் பிரிப்பது, அந்த அடையாளத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே உங்கள் கேள்வியின் உள்ளடக்கம் என்று புரிந்துகொள்கிறேன். காடுகளில் வைக்கப்படும் தானியங்கிக் கேமராக்களின் படங்களை இனவாரியாகப் பிரிக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மூவர் சொன்னதும் இல்லை, இது துரும்பன் பூனையாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். செம்புள்ளிப் பூனை என்று சிலர் சொல்வதும் இதைத்தான்.

இனம் பிரிப்பதில் அனுபவம் உள்ளவர்கள் விலங்கின் மேல் உள்ள புள்ளிகளைப் பார்ப்பதற்கு முன் படம் எடுக்கப்பட்ட இடத்தைக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் காட்டுப்பூனை சமவெளி வயல், கரும்புத் தோட்டம், ஏரிக்கரை, புதர்க்காடு என்று ஏறக்குறைய எங்கும் இருக்கிறது. சிறுத்தைப்பூனை அப்படி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளையும், அவற்றை ஒட்டிய காப்பி, தேயிலைத் தோட்டங்களையும் சார்ந்து வாழ்வது. உயிரியல் ஆய்வாளர் ஷோமிதா முகர்ஜியும் அவருடைய குழுவினரும் காட்டுப்பூனையையும் சிறுத்தைப்பூனையையும் மரபணு வழியாக ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு, கடுங்கோடை நிலவும் இந்தியாவின் வறண்ட நடுப்பகுதி சிறுத்தைப்பூனைக்கு ஒத்துவராதது என்பதையும், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவை வடக்கில் உள்ளவற்றிலிருந்து பிரிந்து கிடப்பதையும் காட்டியது. துரும்பன் பூனைக்கோ வறண்ட இலையுதிர் காடு, முட்புதர், பாறைக்குன்று, அவற்றை ஒட்டிய தோட்டம் ஆகியவை உகந்த இடங்கள்; தென்னிந்தியாவில் ஆளில்லாத வீடுகளின் பரண்களில்கூட அது குட்டி போட்டிருக்கிறது. ஆகவே உங்கள் தோட்டம் கொடைக்கானலுக்குப் போகும் வழியில் உயரத்தில், சோலைக்காட்டை ஒட்டி இருந்திருந்தால் உங்கள் நண்பரின் ஊகத்துக்கு வலு கூடியிருக்கும். மாந்தோப்பு இருக்கும் வறண்ட அடிவாரத்தில் அந்த வலு குறைகிறது. இருந்தாலும், பரவல் வரைபடத்தைச் சட்டப்புத்தகம்போல் கையாளக் கூடாது. துரும்பன் பூனை இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு என்றுதான் நெடுங்காலம் எழுதி வந்தோம். 2016இல் நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவிலும் அது கேமராவில் சிக்கியது. இடம் ஓர் இனத்தின் வாய்ப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான்.

சிறுத்தைக் குட்டி என்ற ஐயத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பயத்தைக் கிளப்புவதும், கூண்டு வைக்கச் சொல்லி வற்புறுத்த வைப்பதும் அதுதான். வளர்ந்த சிறுத்தையின் விலாவில் இருப்பவை வளையம்போல் நடுவில் வெளிறிய பூப்புள்ளிகள். தமிழ்நாட்டில் உள்ள சிறிய பூனையினங்கள் எதற்கும் அப்படிப்பட்ட புள்ளி கிடையாது, அவற்றில் இருப்பவை நிரப்பிய திட்டுகள். ஆனால் சில வாரக் குட்டிகளில் பூப்புள்ளிகள் இன்னும் விரியாமல், சாம்பல் நிற ரோமத்தில் நெருக்கமாகக் கலங்கிக் கிடக்கும் என்பதால் புள்ளியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. முகத்தைப் பார்க்க வேண்டும். சிறுத்தையின் நெற்றியில் சிறு கரும்புள்ளிகள் தூவியதுபோல் இருக்கும். சிறுத்தைப்பூனை, துரும்பன் பூனை ஆகியவற்றின் நெற்றியிலோ தெளிவான நெடுங்கோடுகள் கண்ணுக்கு மேலிருந்து புறப்பட்டுப் பிடரி நோக்கி ஓடும். குட்டியின் பாதங்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை, மூக்குப் பகுதி அகன்றது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாக இருந்தால் கண்ணும் உதவும்: சிறுத்தையின் கண்மணி வட்டமாகவே சுருங்கும், சிறு பூனைகளுக்குச் செங்குத்துக் கோடாகச் சுருங்கும். இரவுப் படத்தில் எல்லாமே விரிந்து வட்டமாகத் தெரிவதால் அங்கே இந்த அடையாளம் பயன்படாது. இவை எல்லாவற்றையும்விட எளிய ஒரு வாதம் இருக்கிறது. வீட்டுப்பூனையைவிடச் சிறிய உருவத்தில் ஒரு சிறுத்தைக் குட்டி இருக்கிறது என்றால் அது பிறந்து சில வாரங்களே ஆகியிருக்க வேண்டும். அந்த வயதுக் குட்டி தாய் மறைத்து வைத்த இடத்தில் தள்ளாடிக்கொண்டிருக்குமே தவிர, திறந்த தோப்பைத் தனியாக, வால் தாழ்த்தி, நேர்கோட்டில் நிதானமாகக் கடந்து போகாது. உங்கள் படத்தில் நடப்பது வளர்ந்த விலங்கு.

காட்டுப்பூனையை விலக்குவது இதைவிட எளிது. நெட்டைக் கால்கள், ஒட்டிய வயிறு, மணலும் சாம்பலும் கலந்த ஒரே நிற உடல் ஆகியவற்றோடு, வளர்ந்த விலங்கின் உடலில் புள்ளிகளே இருக்காது; முன்னங்கால்களிலும் தொடைகளிலும் மட்டும் மங்கலான குறுக்குக் கோடுகள் தெரியலாம். காதுகள் உயரமானவை, நுனியில் சிறு கறுப்பு மயிர்க்கற்றை இருக்கும். வால் வியப்பூட்டும் அளவுக்குக் குட்டையானது: தலையும் உடலும் சேர்ந்து 59 முதல் 76 செ.மீ. நீளம் என்றால் வால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வரும், நின்றால் பின்னங்காலின் குதிகால் மூட்டைத் தாண்டாது. நுனி கறுப்பு, அதற்கு மேல் சில கரு வளையங்கள். காதிலுள்ள கற்றையைப் பார்த்துவிட்டு, காதுநுனியில் நீண்ட கற்றை கொண்ட காரகால் என்ற வேறொரு பூனையினம் என்று ஆவலோடு எழுதுபவர்கள் உண்டு. இந்தியாவில் காரகால் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இராஜஸ்தானிலும் கட்ச்சிலும்தான், தமிழ்நாட்டில் அதை எண்ணத் தேவையில்லை. முற்றிலும் கறுத்த காட்டுப்பூனைகளும் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. கருஞ்சிறுத்தைக் குட்டி என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது அதையும் நினைவில் வைப்பது நல்லது.

சிக்கலான பிரிப்பு சிறுத்தைப்பூனைக்கும் துரும்பன் பூனைக்கும் இடையில்தான். இரண்டும் பிரியோனெய்லூரஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அதனால் நெற்றியின் நான்கு கருங்கோடுகள், கன்னத்துப் பட்டைகள், வெளுத்த மோவாய், கண்ணின் உட்பக்கத்தில் வெண்கோடு ஆகிய குடும்ப முகச்சாயல் இரண்டுக்கும் பொது. முகக்கோடுகளைக் காட்டிச் ‘சிறுத்தைப்பூனையேதான்’ என்று சாதிப்பவர்கள் தவறுவது இங்கேதான். பிரித்துக் காட்டுபவை வேறு இடங்களில் இருக்கின்றன, அவற்றில் முதலாவது வால். சிறுத்தைப்பூனையின் வாலில் மேற்புறம் நெடுகப் புள்ளிகள் வரிசையாக இறங்கி, நுனியை நெருங்கும்போது தெளிவில்லாத வளையங்களாகி, கறுத்த நுனியில் முடியும். துரும்பன் பூனையின் வால் சற்றுத் தடித்தது, ஏறக்குறைய வெறுமையானது. உற்றுப் பார்த்தால் மங்கிய குறிகள் தெரியலாம், ஆனால் பத்தடி தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே நிறம். அடுத்தது விலாப்புறம். சிறுத்தைப்பூனையில் பெரிய, கரிய, ஒன்றிலிருந்து ஒன்று நன்றாக விலகிய திட்டுகள். தோளில் அவை நீண்டு பட்டையாகும். தென்னிந்தியாவில் அடி நிறம் மஞ்சள் பழுப்பு. துரும்பன் பூனையில் சாம்பல் பழுப்பு நிற ரோமத்தின் மேல் துருவின் நிறத்தில் சிறு புள்ளிகள், முதுகின் நீளவாக்கில் வரிசை பிடித்து ஓடும். மூன்றாவது, காதின் பின்புறம். சிறுத்தைப்பூனைக்கு அங்கே கறுப்பின் நடுவே பளிச்சென்ற வெள்ளைப் பொட்டு உண்டு. விலங்கு கேமராவுக்கு முதுகைக் காட்டிப் போகும் படங்களில் பல நேரம் இதுவே வழக்கைத் தீர்த்து வைக்கும். சிறுத்தைக்கும் காதின் பின்னால் அப்படி ஒரு வெள்ளை உண்டு என்பதால் அந்த இரண்டையும் பிரிக்க மட்டும் இது உதவாது.

துரும்பன் பூனையின் அளவைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களால் நம்ப முடிவதில்லை. ஆசியாவிலேயே மிகச் சிறிய காட்டுப் பூனையினம் இது: வளர்ந்ததன் எடை 0.9 முதல் 1.6 கிலோ, தலையும் உடலும் 35 முதல் 48 செ.மீ. சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒன்றை ஓரமாக எடுத்து வைத்தபோது, நடுத்தர நாட்டுக்கோழியைத் தூக்குவது போன்ற கனம்தான் இருந்தது. பற்கள் தேய்ந்திருந்ததால் அது முழு வளர்ச்சி அடைந்தது என்பதில் ஐயமில்லை. பக்கவாட்டில் பார்க்கும்போது முதுகுப் புள்ளிகள் மங்கலாக இருந்தன. திருப்பிப் போட்டால் வயிற்றின் வெண்ணிற ரோமத்தில் கரிய சிறு புள்ளிகளும் பட்டைகளும் எடுப்பாகத் தெரிந்தன. காதுகள் சிறியவை, வட்டமானவை, வீட்டுப்பூனையின் கூர்ந்த காதுகள் போல் இல்லை. இந்த இனத்துக்கும் தமிழ் நிலத்துக்கும் ஒரு பழைய தொடர்பும் உண்டு: 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ழோஃப்ருவா செந்திலேர் இதை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தது புதுச்சேரியிலிருந்து கிடைத்த ஒரு மாதிரியை வைத்துத்தான். அப்படியிருந்தும் இன்றைக்கும் நம்மூரில் பெரும்பாலோர் இப்படி ஒரு விலங்கு இருப்பதையே அறியாததால், படம் கிடைத்தவுடன் நாவில் முதலில் வருவது சிறுத்தையின் பெயராகத்தான் இருக்கிறது.

இலங்கையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே உள்ள பூனையினங்கள் சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை ஆகிய நான்கே. சிறுத்தைப்பூனை அந்தத் தீவில் இல்லை. ஆகவே மேலே சொன்ன சிக்கல் அங்கே எழாது, ஆனால் மீன்பிடிப் பூனையைச் சிறுத்தையாக எண்ணும் குழப்பம் எழும், ஏனென்றால் கொழும்பைச் சுற்றிய சதுப்பு நிலங்களில்கூட அது வாழ்கிறது. அதற்கு அங்கே வழங்கும் கொடுப்புலி என்ற பெயரும் அச்சத்தைக் கூட்டுகிறது. வீட்டுப்பூனையைப்போல் இருமடங்கு உடல், குட்டைக் கால்கள், பாதி உடல் நீளத்துக்கும் குறைந்த தடித்த வால், பாசி படிந்த சாம்பல் நிறத்தின் மேல் நீளவாக்கில் அணிவகுத்த கரும்புள்ளிகள் என்ற நான்கையும் ஒன்றாகப் பார்த்தால் போதும். இந்தியாவில் இது சுந்தரவனம், சில்கா, கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்கள் போன்ற ஈரநிலங்களுக்கு உரியது. உங்கள் தோப்புக்கு வரும் விலங்கு அல்ல. அதோடு இலங்கையில் துரும்பன் பூனை மழைக்காடுகளிலும் வாழ்வதால், ‘வறண்ட இடமென்றால் துரும்பன்’ என்று நான் மேலே பயன்படுத்திய வாதத்தை அங்கே அப்படியே பொருத்தக் கூடாது.

பூனையே அல்லாதவற்றையும் விலக்கியாக வேண்டும். எனக்கு அனுப்பப்படும் ‘புள்ளிப் பூனை’ படங்களில் கணிசமானவை புனுகுப்பூனையின் படங்கள். பெயரில் பூனை இருந்தாலும் அது வேறு குடும்பம்: மூக்குப் பகுதி நீண்டு கூர்மையாக இருக்கும், முதுகில் நெடுங்கோடுகளும் விலாவில் வரிசைப் புள்ளிகளும் சேர்ந்து வரும், வாலில் அடி முதல் நுனி வரை கறுப்பும் வெள்ளையுமாகத் தெளிவான வளையங்கள் இருக்கும். மரநாய்க்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்த முகமூடியும், வளையமற்ற நீண்ட கரிய வாலும் உண்டு. ஈர மண்ணில் தடம் கிடைத்தால் விரல்களை எண்ணுங்கள். பூனை இனங்களின் தடத்தில் நான்கு விரல்கள், பொதுவாக நகக்குறி இன்றிப் பதியும், மரநாய்க்கு ஐந்து. தடத்தின் பயன் அத்தோடு சரி. துரும்பன் பூனையின் தடத்தையும் வீட்டுப்பூனைக் குட்டியின் தடத்தையும் வேறுபடுத்திச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

படத்தின் தன்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரவுக் கேமரா அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுப்பதால் நிறம் என்ற சான்று முழுவதும் போய்விடுகிறது. எஞ்சுவது அடர்த்தி மட்டுமே. என் அனுபவத்தில், சிறுத்தைப்பூனையின் கரிய திட்டுகள் அகச்சிவப்பிலும் பளிச்சென்று நிற்கின்றன. துரும்பனின் புள்ளிகளோ வெளிறி, சில படங்களில் விலங்குக்குப் புள்ளியே இல்லாததுபோல் ஆகிவிடுகின்றன. கேமராவுக்கு மிக அருகில் வந்தால் வெளிச்சம் அதிகமாகி முகக்கோடுகளும் அழிந்துவிடும். கேமராவை நோக்கி வரும் விலங்கின் வால் உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும் என்பதால், வால் நீளத்தைப் பக்கவாட்டுப் படத்தில் மட்டுமே ஒப்பிட வேண்டும். உருவ அளவை வெறும் கண்ணால் மதிப்பிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இரவில் பார்த்தவர் சொல்லும் அளவு பெரும்பாலும் பயத்தின் அளவாகவே இருக்கும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. கேமராவை அசைக்காமல் விட்டு, விலங்கு நடந்த அதே இடத்தில் அளவுக்கோடு போட்ட குச்சியை நட்டு இன்னொரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தோள் உயரத்தை ஓரிரு செ.மீ. பிசகுக்குள் சொல்லிவிடலாம்.

இந்த அடையாளங்கள் கைவிடும் இடங்களும் உண்டு. குட்டிகள் முதலாவது: காட்டுப்பூனையின் குட்டிகள் கோடும் புள்ளியுமாகப் பிறந்து, வளர வளர அவற்றை இழப்பவை, கண் திறந்த பருவத்தில் அவற்றைப் படத்தை மட்டும் பார்த்து மற்ற இனக் குட்டிகளிலிருந்து பிரிப்பது எனக்கும் எப்போதும் இயலுவதில்லை. இரண்டாவது, காட்டுப்பூனை வீட்டுப்பூனையோடு இணையக்கூடியது. கிராமத்து ஓரங்களில் நெட்டைக் காலும் நீண்ட வாலுமாகத் திரியும் விலங்கு கலப்பா, பெரிய நாட்டுப்பூனையா என்பதை மரபணுச் சோதனைதான் சொல்ல முடியும், நம் கண் அல்ல. மூன்றாவது, விலங்கின் பின்பாதியோ கால்களோ மட்டும் விழுந்த படங்கள். அவற்றை ‘சிறு பூனை, இனம் தெளிவில்லை’ என்று எழுதி வைப்பதே நேர்மை. கணக்கெடுப்பு வேலையில் இப்படி ஒதுக்கப்படும் படங்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கும்.

உங்கள் படங்களுக்கு வருகிறேன். முதல் படம் நல்ல பக்கவாட்டுத் தோற்றம்: வால் உடலில் ஏறக்குறைய பாதி நீளம், நுனி வரை வளையமோ புள்ளியோ தெரியவில்லை, காதுகள் சிறுத்து வட்டமாக இருக்கின்றன, விலாவில் மங்கிய சிறு புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றன. வால் நீளமும் காதும் காட்டுப்பூனையை விலக்குகின்றன. குறியற்ற வாலும் வெளிறிய சிறு புள்ளியும் சிறுத்தைப்பூனையைப் பெரும்பாலும் விலக்குகின்றன. நடையும் உடல் விகிதமும் சிறுத்தைக் குட்டியை முற்றிலும் விலக்குகின்றன. முன்னால் தெரியும் சொட்டுநீர்க் குழாய் வால்வோடு ஒப்பிட்டால் உருவமும் துரும்பனின் அளவுக்குள் வருகிறது. இரண்டாவது படத்தில் முகம் வெளிச்சத்தில் வெளுத்துப் போனதால் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. காதின் பின்புறம் எந்தப் படத்திலும் தெரியவில்லை என்பதே என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே தயக்கம்.

அந்தத் தயக்கத்தையும் நீக்க வேண்டுமென்றால் கேமராவை இப்போதிருக்கும் உயரத்திலிருந்து இறக்கி, தரையிலிருந்து ஓர் அடிக்குள், அந்த விலங்கு பயன்படுத்தும் தடத்துக்குக் குறுக்காகப் பார்க்கும்படி வையுங்கள். முடிந்தால் எதிர்ப்பக்கமும் ஒன்று வைத்தால் இரு விலாவும் காதும் கிடைக்கும். கோழியையோ கருவாட்டையோ இரையாக வைக்க வேண்டாம், அது தெருநாய்களைத்தான் கூட்டி வரும். இந்தப் பூனைகள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை என்பதால் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். தோப்பில் குட்டிகள் தென்பட்டால், எந்த இனமாக இருந்தாலும், கையில் எடுக்காமல் ஆட்களையும் நாய்களையும் அங்கிருந்து அகற்றிவிட்டு வனச்சரகருக்குச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது கிடைக்கும் சிறுத்தைக் குட்டிகளையே, எடுத்த அதே வயலில் மாலையில் திரும்ப வைத்து, இரவில் தாய் வந்து தூக்கிப் போகும்படி அங்கே வனத்துறை பலமுறை செய்திருக்கிறது. உங்கள் தோப்புப் பூனைக்கும் அதே வழிதான்.